பந்தயக்காரரின் வாட்ச்

கேள்வி: ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் பழைய ரோலெக்ஸ் 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனதாமே! வெறும் பணத்திமிர்தானே இது?

பதில்: விலையைப் பற்றி அப்படிச் சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். அந்த வாட்சைச் சொல்லாதீர்கள். அதில் தங்கமில்லை, வைரமில்லை. எஃகு உடல், கையால் சாவி கொடுக்கும் இயந்திரம், அவ்வளவுதான். அதன் பெயர் ‘டேட்டோனா’; 1963-இல் கார்ப் பந்தயக்காரர்களுக்காக வந்த ரோலெக்ஸ் மாடல். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் வேகத்தைப் படிக்கலாம்: ஒரு மைலுக்கு 36 விநாடி ஆனால் முள் 100-இல் நிற்கும், அதாவது மணிக்கு 100 மைல். எவ்வளவு அழகான யோசனை!

நியூமன் கட்டிய டயல் வகை அன்று கடைகளில் விலைபோகாமல் கிடந்தது. மனைவி ஜோஆன் உட்வர்ட் அதை வாங்கி, காரைக் கவனமாக ஓட்டும்படி பின்மூடியில் பொறித்துக் கொடுத்தார். காரணம் இருந்தது. நியூமன் நிஜமான பந்தயக்காரர். 1979-இல், 54 வயதில், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே 935 ஓட்டினார். அவருடைய அணிக்கு இரண்டாமிடம்.

தான் செய்யும் வேலைக்கு ஏற்ற பொருளை அணிந்தார், அது அவருக்குப் பொருந்தியது. ஸ்டைல் என்று நான் மதிப்பது இதைத்தான். விலைச்சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள். தினமும் கட்டப்போகும் வாட்சை வாங்குங்கள்.