பந்தை அழுத்தினால் எழுத்து திருந்துமா?

அன்புள்ள கயல்விழிக்கு,

தினமும் ரப்பர் பந்தை அழுத்தினால் கையெழுத்து திருந்துமா என்று கேட்டிருக்கிறாய். அது மட்டும் போதாது. இடது கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு வலது கை விரல்களை மடக்கி நீட்டிப் பார். தோலுக்கடியில் தசைகள் புரளும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. நுட்பமான அசைவுக்குரிய சிறு தசைகள் உள்ளங்கையில் உள்ளன. மூன்று மணி நேரத் தேர்வில் முன்கை கடுகடுவென்று வலிக்கிறது என்றால், பலம் போதவில்லை என்பதைவிட பேனாவை இறுக்கிப் பிடிக்கிறாய் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அப்படிப்பட்ட கையை இன்னும் அழுத்தப் பழக்குவதில் என்ன பயன்?

அமெரிக்காவில் எழுதச் சிரமப்பட்ட 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. ஐந்து வாரம் ஒரு குழுவுக்குக் கை, புலன் சார்ந்த பயிற்சிகள். இன்னொரு குழுவுக்கு எழுத்துப் பயிற்சி. முதல் குழுவினரின் கைத்திறன் சிலவற்றில் கூடியது, கையெழுத்தோ மோசமானது. எழுதிப் பழகியவர்களுக்குத்தான் எழுத்து திருந்தியது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டுக் கட்டுரையும், எழுத்துப் பயிற்சி இல்லாத முறைகள் பலன் தரவில்லை, இருபது அமர்வுக்குக் குறைந்தாலும் பலனில்லை என்றே முடிவுசெய்தது. அப்படியானால் பாலர் வகுப்பில் களிமண் பிசையச் சொல்வது வீணா என்று நீ கேட்கலாம். இல்லை. இன்னும் பென்சில் பிடிக்காத விரல்களுக்கு அது நல்ல வேலை. நீயோ ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாய். பேனாவை நடுவிரல்மேல் சாய்த்துக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடிக்கும் முறைதான் சரி என்று உன்னைத் திருத்துகிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு: கனடாவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான்கு வகைப் பிடிகளை ஒப்பிட்டபோது தெளிவிலும் வேகத்திலும் வேறுபாடு தெரியவில்லை. வலிக்காத பிடி என்றால் அதை மாற்றாதே.

ஆனாலும் கைப்பயிற்சியை நான் தள்ளிவிடவில்லை. எழுதுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் வைத்துக்கொள். தோள்களைச் சுழற்று, கையை உதறு, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடு. பிறகு பாதங்களைத் தரையில் ஊன்றி, முன்கையை மேசையில் வைத்து, மூன்று சுழி ‘ண’வை அரைப்பக்க அளவில் எழுது. அவ்வளவு பெரிதாக எழுத விரல் மட்டும் போதாது, முன்கையும் அசைந்தாக வேண்டும். அமெரிக்கரான ஆஸ்டின் பால்மர் 1890களில் பரப்பிய எழுத்துமுறையும் இந்த முன்கை அசைவையே நம்பியது. அதே அசைவு கலையாமல் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே கோட்டு நோட்டின் அளவுக்குக் கொண்டுவா. உன் எழுத்தில் ‘ழ’வின் கால் ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு விதமாக வளைகிறது; முதல் வாரம் அந்த ஓர் எழுத்தை மட்டும், சொற்களுக்குள் வைத்து, பத்து நிமிடம் எழுது. விரல் மரத்துப்போனாலோ, எழுதி முடித்த பின்னும் வலி நீடித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டு.

அன்புடன்,
உன் சித்தப்பா