பழைய டீசல் வேன் இழுக்கத் தயங்குகிறதா?

உழவர் பெருமக்கள் பலர் காய்கறியையும் பூவையும் சந்தைக்குக் கொண்டு செல்லப் பழைய டீசல் வேன் வைத்திருக்கின்றனர். உரிய நேரத்தில் ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய தக்காளி, வண்டி வழியில் நின்றுவிட்டால் விலை இறங்கிய பின்னரே விற்பனைக்கு வருகிறது. சரக்கு ஏற்றிய வேன் மேட்டிலோ ரயில்வே கேட்டிலோ இழுவை குறைந்து நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆக்சிலரேட்டரை மிதித்தும் வேகம் எடுக்காமல் என்ஜின் திணறுவதையே தயக்கம் என்கிறோம். இக்குறை கண்டவுடன் டீசல் பம்பைக் கழற்றிப் பிரிப்பவர்கள் உண்டு. இது தவறு. பம்பினுள் இருக்கும் உலக்கைக்கும் அதன் உருளைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே ஆகும். திறந்த வெளியில் பிரித்தால், உள்ளே புகும் தூசியே அதைக் கெடுத்துவிடும். எனவே காற்று வரும் வழியையும், டாங்கியிலிருந்து பம்பு வரை டீசல் வரும் வழியையும் முதலில் சோதித்தல் வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம்.

காமன் ரெயில் முறையில் இயங்கும் புதிய வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் டீசல் குழாய்களைத் தளர்த்தக் கூடாது.

முன்னேற்பாடு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கவும். என்ஜின் ஆறிய பின் வேலையைத் தொடங்கவும். பீடி, சிகரெட், விளக்கு அருகில் இருத்தல் ஆகாது. ஸ்பானர்கள், சுத்தமான துணி, கண்ணாடிப் பாட்டில், புதிய டீசல் பில்டர், செம்பு வாஷர்கள் ஆகியன தேவை.

புகையின் நிறம்

இலையின் நிறம் கண்டு பயிரின் சத்துக் குறையை அறிவது போல, புகையின் நிறம் கண்டு என்ஜினின் குறையை ஓரளவு அறியலாம். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் என்று பொருள். புகையும் இன்றி இழுவையும் இன்றி இருந்தால் டீசல் போதிய அளவு வரவில்லை எனக் கொள்ளலாம். நீலப்புகை, என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். என்ஜின் சூடான பின்னும் வெண்புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை என அறியலாம்.

சோதிக்கும் முறை

1. காற்று வடிகட்டி: காகித வகையாயின் வெளியே எடுத்து, மெல்லத் தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். ஒளி தெரியாவிட்டால் புதியது போடவும். அதை டீசலில் கழுவக் கூடாது. ஆயில் ஊற்றும் வகையாயின் பழைய ஆயிலைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, குறியிட்ட அளவு வரை மட்டும் புதிய ஆயில் ஊற்றவும்.

2. ஆக்சிலரேட்டர் இணைப்பு: ஒருவர் பெடலை முழுவதும் மிதிக்க, மற்றொருவர் பம்பின் நெம்புகோல் அதன் கடைசி நிறுத்தம் வரை செல்கிறதா எனப் பார்க்கவும். செல்லாவிட்டால் கம்பியையோ கேபிளையோ சரிசெய்தாலே போதும்.

3. டாங்கி மூடி: சிறிது தூரம் நன்றாக ஓடிப் பின் திணறும் வண்டியின் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டுள்ளது. துளையைச் சுத்தம் செய்யவும்.

4. நீரும் கசடும்: பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, வடியும் டீசலைப் பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வைக்கவும். நீர் இருந்தால் அடியில் தங்கும். தெளிந்த டீசல் வரும்வரை வடித்து, பில்டரை மாற்றவும். வடித்ததைக் கிணற்றருகே கொட்டக் கூடாது.

5. காற்றுக் கசிவு: டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்பை பீட் பம்பு என்பர். அதற்கு முந்திய குழாயில் விரிசல் இருந்தால், டீசல் வெளியே ஒழுகாமலே காற்று உள்ளே புகும். ஆகவே குழாய் உலர்ந்திருப்பதைக் கொண்டு குறையில்லை என்று முடிவு செய்யலாகாது. வெடித்த ரப்பர் குழாயையும் நசுங்கிய வாஷரையும் மாற்றவும்.

காற்றை வெளியேற்றுதல்

பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, பீட் பம்பின் கைப்பிடியை அடிக்கவும். முதலில் நுரையுடன் டீசல் வரும். குமிழி நின்றதும், அடித்துக்கொண்டே திருகை இறுக்கவும். பிறகு டீசல் பம்பில் உள்ள காற்றுத் திருகிலும் இவ்வாறே செய்யவும். பில்டரை மாற்றிய ஒவ்வொரு முறையும் இது தேவை.

எச்சரிக்கை: டீசல் பம்பிலிருந்து நாசிலுக்குச் செல்லும் குழாய்களில் அழுத்தம் மிக அதிகம். என்ஜின் ஓடும்போது அங்குப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. தோலைத் துளைத்துவிட்டால், காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னும் தயக்கம் நீங்காவிட்டால் நாசில், டீசல் பம்பு, வால்வு இடைவெளி, கம்ப்ரஷன் ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டவும். நீங்கள் சோதித்தவற்றை அவரிடம் கூறினால் வீண் செலவு குறையும்.

வருமுன் காத்தல்

டீசலைப் பீப்பாயில் சேமிப்போர், துத்தநாகம் பூசிய கலனைத் தவிர்க்கவும். அசையாமல் தெளியவிட்டு, அடிக்கசடு கலக்காமல் மேலிருந்து எடுத்து, வடிகட்டி ஊற்றவும். இரவில் டாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படிவது குறையும். பில்டர் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் குறித்து வைக்கவும். இம்முறைகளைக் கைக்கொண்டால், அறுவடை நாளில் வண்டி வழியில் நிற்பதைப் பெரிதும் தவிர்க்கலாம்.