கடையும் சொத்துதானா? அமெரிக்கக் கல்விக் கடன் சட்டங்கள்



சங்கக் கூட்டம் முடிந்து காபி சாப்பிடும் நேரத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "அமெரிக்காவில் படிப்புக்கு அரசாங்கமே கடன் கொடுக்கிறதாமே, நம் பையன் மேல்படிப்புக்குப் போனால் அது கிடைக்குமா?" என்பார்கள். முதலில் இதற்குப் பதிலைச் சொல்லிவிடுவோம். கிடைக்காது. அந்த நாட்டுக் குடிமக்கள், கிரீன் கார்டு பெற்று நிரந்தரமாகக் குடியிருப்போர், சட்டம் குறிப்பிடும் வேறு சில பிரிவினர் ஆகியோருக்கே அந்தக் கடன் உரியது. மாணவர் விசாவில் போகிற நம் பிள்ளைகள் இங்குள்ள வங்கியிலோ, தனியார் நிறுவனங்களிடமோதான் கடன் எடுத்தாக வேண்டும்.

ஆனால் அங்கேயே குடியேறிக் கடை கண்ணி வைத்துப் பிழைக்கும் நம் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்நாட்டுக் குடிமக்கள். அவர்களுக்கு இந்தச் சட்டங்கள் அன்றாடக் கவலை. அதோடு, கடன் கொடுத்து வாங்குவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஓர் அரசாங்கம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் எழுதிவரும் கடன் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பதில் லாபம் உண்டு.

1957இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்கா பதறிப்போயிற்று. அடுத்த ஆண்டே, 1958இல், மாணவர்களுக்கு மைய அரசு நேரடியாகக் கடன் தரும் சட்டம் ஒன்றை இயற்றினார்கள். முழுமையான உயர்கல்விச் சட்டம் 1965 நவம்பர் 8ஆம் நாள் வந்தது. டெக்ஸாஸ் மாநிலத்தில் தாம் படித்த கல்லூரிக்கே போய் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். அவர் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்துப் படித்தவர். இடையில் படிப்பை நிறுத்தி, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் படித்த ஓர் ஏழைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். பணமில்லாத காரணத்தால் கல்லூரி வாசல் மூடக்கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம். ஏழைக்குத் திருப்பித் தர வேண்டாத மானியம், படித்துக்கொண்டே செய்யும் வேலை, அரசு ஜாமீனில் வங்கிக் கடன் என்று மூன்று வழிகளை அது திறந்துவிட்டது.

மானியத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972இல் விரிவாக்கப்பட்ட அந்த மானியத்துக்கு 1980இல் செனட்டர் கிளெய்போர்ன் பெல் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. எழுபதுகளின் நடுவில், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கிப் படிக்க ஆகும் செலவில் முக்கால் பங்கை அது தாங்கியது. 2024-25இல் உச்ச மானியமே 7,395 டாலர்தான். அது மூன்றில் ஒரு பங்குக்கு வந்தாலே அதிகம். மானியம் தேய்ந்த இடத்தைக் கடன் பிடித்துக்கொண்டது.

கடனுக்குச் சரக்கு கேட்டு வருபவரிடம் நாம் பார்ப்பது மூன்று விஷயம். ஆள் யார், எவ்வளவு வரை தாங்குவார், பணம் எப்போது திரும்பும் என்பவையே அவை. பட்டப்படிப்பு மாணவர் விஷயத்தில் அந்நாட்டார் இரண்டாவது கேள்வியை விட்டுவிடவில்லை. பெற்றோரை நம்பியிருக்கும் மாணவருக்கு முதலாண்டு 5,500 டாலர், மொத்தப் படிப்புக்கும் 31,000 டாலர் என்று வரம்பு வைத்தார்கள். தவறு நடந்தது பெற்றோர் கணக்கில். பெற்றோரே எடுக்கும் பிளஸ் கடன் 1980இல் தொடங்கியது. 1992இல் அதன் உச்சவரம்பை நீக்கி, கல்லூரி சொல்லும் செலவு எவ்வளவோ அவ்வளவும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2006இல் மேற்பட்டப்படிப்பு மாணவர்களுக்கும் அதே சலுகை கிடைத்தது. வாங்குபவருக்குப் பழைய வாராக்கடன் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்களே ஒழிய, வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டுக்கு முப்பதாயிரம் டாலர் வருமானமுள்ளவர் அதே முப்பதாயிரத்தைக் கடனாக எடுக்க முடிந்தது. நம் ஊரில் எந்த மண்டிக்காரரும் இப்படி எழுதமாட்டார்.

வட்டியும் குறைச்சல் அல்ல. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்டி அரசுக் கடன் பத்திரத்தின் விகிதத்தோடு இணைக்கப்பட்டது. 2025-26 கல்வியாண்டில் கொடுத்த கடன்களுக்குப் பட்டப்படிப்பு மாணவர் செலுத்துவது நூற்றுக்கு 6.39, பெற்றோர் செலுத்துவது 8.94. அதற்கு மேல் பெற்றோர் கடனில் நூற்றுக்கு நாலுக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். பைனான்ஸ்காரர்களின் முன்பிடித்தம் நமக்குப் பழகியதுதான். அரசாங்கமும் அதையே செய்கிறது என்பதை அறிந்தபோது நமக்கே வியப்பாக இருந்தது.

இனி வசூலுக்கு வருவோம். வியாபாரத்தில் நொடித்துப்போனவர் ஐ.பி. கொடுத்து, மஞ்சள் நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஒதுங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். நமக்கு அது வயிற்றெரிச்சல் என்றாலும், விழுந்தவன் எழுந்து நிற்க அது ஒரு வழி. அமெரிக்காவிலும் அந்த வழி உண்டு. ஆனால் கல்விக் கடனுக்கு அதை 1976 முதல் படிப்படியாக அடைத்தார்கள். முதலில் ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகுதான் திவாலில் தள்ளுபடி என்றார்கள், 1990இல் ஏழு ஆண்டுகள் என்றார்கள், 1998இல் அறவே நீக்கிவிட்டார்கள். தாங்க முடியாத கஷ்டம் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பவருக்கே விலக்கு. காலாவதியும் கிடையாது. இங்கே பிராமிசரி நோட்டு மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும் என்பது நம் எல்லோருக்கும் பாடம். அங்கே அரசுக் கல்விக் கடனுக்குக் காலக்கெடுவை 1991இல் ஒழித்துவிட்டார்கள். தவணை தவறியவரின் சம்பளத்தில் நூற்றுக்கு 15 வரை, கோர்ட் உத்தரவு இல்லாமலேயே பிடிக்கலாம். கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது, வசூலிக்கும்போது கழுத்தைப் பிடிப்பது என்கிற இந்த முறை நாணயமான வியாபாரத்துக்கு ஒத்துவராது என்பது நம் கருத்து. கொடுப்பவனுக்கு நஷ்ட பயம் இருந்தால்தான் அளந்து கொடுப்பான். இந்தக் கடனில் பயம் முழுவதும் வாங்குபவர் தலையில் இருந்தது.

கல்லூரிகளோ தங்களுக்கு உடனே ரொக்கம் வருவதால் கட்டணத்தை உயர்த்திக்கொண்டே போயின. அரசு உதவி கூடினால் கட்டணமும் கூடும் என்று கல்விச் செயலராக இருந்த வில்லியம் பென்னெட் 1987இலேயே சொன்னார். அது உண்மையா என்று பொருளாதார வல்லுநர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். கணக்கில் எழுதிக்கொள்கிறவர் விலை கேட்பதில்லை என்பதைக் கல்லாவில் உட்கார்ந்த எவரும் அறிவர். ஆனால் பழி முழுவதும் கடன் மேல் போடுவதும் சரியல்ல. 2008 நெருக்கடிக்குப் பின் மாநில அரசுகள் தங்கள் கல்லூரிகளுக்குத் தரும் பணத்தை வெட்டியதும் கட்டணம் ஏறியதற்குக் காரணம். இன்று சுமார் 4 கோடியே 30 லட்சம் பேர் தலையில் ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி டாலர் அரசுக் கல்விக் கடன் நிற்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்திய தவணைகள் 2023 இலையுதிர் காலத்தில்தான் மறுபடி தொடங்கின. ஜனாதிபதி பைடன் அறிவித்த தள்ளுபடியை 2023 ஜூன் 30 அன்று உச்சநீதிமன்றம் ரத்து செய்தது.

அப்படியானால் கடனை இறுக்கிப் பிடித்தால் சரியாகிவிடுமா? இதற்கும் அனுபவம் இருக்கிறது. 2011இல் பெற்றோர் கடனுக்கான பரிசோதனையை அரசு கடுமையாக்கியது. கறுப்பின மக்களுக்காக நீண்ட காலத்துக்கு முன் தொடங்கப்பட்ட கல்லூரிகளில் படித்த பிள்ளைகளின் பெற்றோர் பலருக்குக் கடன் மறுக்கப்பட்டது. பாதிப் படிப்பில் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், அந்தக் கல்லூரிகளின் வருமானமும் விழுந்தது. பிறகு விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பற்று வரவை ஒரே நாளில் நிறுத்தினால் வாடிக்கையாளரும் போவார், பழைய பாக்கியும் போகும்.

2025 ஜூலை 4 அன்று ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டம் மறுபடி இறுக்குகிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்போருக்கு மேற்படிப்புக்கான பிளஸ் கடன் கிடையாது. மேற்பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம். பெற்றோர் கடன் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000. இதைக் கூட்டிப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். மூன்று ஆண்டுகள் முழுசாக எடுத்தால் அறுபதாயிரம் தீர்ந்துவிடும், நான்காம் ஆண்டுக்கு மிச்சம் 5,000 டாலரே. படிப்போ நான்கு ஆண்டுகள். உறவினர்கள் முதலாண்டிலேயே நான்கு ஆண்டுக்கும் பிரித்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே கடன் எடுத்துப் படித்துக்கொண்டிருப்போருக்கு மூன்று ஆண்டு வரை பழைய வரம்பே நீடிக்கும் என்று ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். வருமானத்தில் நூற்றுக்கு 1 முதல் 10 வரை கட்டும் புதிய தவணைத் திட்டமும் உண்டு. ஒழுங்காகக் கட்டுபவருக்குத் தீராத வட்டியை அதில் தள்ளிவிடுகிறார்கள். இது நல்ல ஏற்பாடு. ஆனால் பெற்றோர் கடனுக்கு அது பொருந்தாது.

இப்போது நம்மைப் போன்றவர்களின் விஷயம். அரசு உதவி கேட்கும் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுதோறும் ஒரு விண்ணப்பம் தர வேண்டும். பாஃப்சா என்பார்கள். அதை வைத்துக் குடும்பம் எவ்வளவு தாங்கும் என்று ஒரு தொகை கணக்கிடுவார்கள். தொகை ஏறினால் மானியம் இறங்கும். குடும்பத்தார் நடத்தும், நூறு பேருக்கு மேல் முழுநேர ஆள் இல்லாத கடையைச் சொத்தாகக் காட்ட வேண்டாம் என்று 2006இல் கையெழுத்தான சட்டம் விலக்கு அளித்திருந்தது. 2020 டிசம்பரில் விண்ணப்பத்தை எளிமையாக்குகிறோம் என்று ஒரு சட்டம் செய்தபோது அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் கல்லூரியில் படித்தால் சுமையைப் பங்கிடும் சலுகையும் அதோடு போயிற்று. 2024-25ஆம் ஆண்டு விண்ணப்பத்திலிருந்து இவை நடைமுறைக்கு வந்தன.

கணக்கைப் பார்ப்போம். சரக்கு இருப்பும் கட்டடமும் சேர்த்து, கடன் போக, ஒரு கடையின் மதிப்பு ஒரு லட்சம் டாலர் என்று வைப்போம். அதில் நூற்றுக்கு 40, அதாவது 40,000, கணக்கில் ஏறும். அதில் நூற்றுக்கு 12 என்றால் 4,800. வருமானத்துக்கேற்ப இதில் நூற்றுக்கு 22 முதல் 47 வரை குடும்பம் தாங்கும் என்று எழுதுவார்கள். ஆக ஆண்டுக்கு 1,056 முதல் 2,256 டாலர் வரை உதவிக் கணக்கில் குறைவு. சிறிய தொகை என்று தோன்றலாம். நான்கு ஆண்டுக்குப் பெருக்கினால் அப்படித் தோன்றாது.

தொகையைவிட நியாயம்தான் நம்மை உறுத்துகிறது. சம்பளக்காரர் குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. அவருடைய ஓய்வுக்கால நிதியும் வராது. கடைக்காரருக்கு ஓய்வுக்கால நிதியே கடைதான்! ஆண்டு வருமானம் 60,000 டாலருக்குக் கீழே உள்ள சம்பளக்காரர் பெரும்பாலும் சொத்து விவரமே தர வேண்டியதில்லை. அதே வருமானமுள்ள சிறு வியாபாரி, தொழில் கணக்கில் 10,000 டாலருக்கு மேல் லாபம் காட்டிவிட்டால் எல்லாவற்றையும் எழுதித் தந்தாக வேண்டும். அலமாரியில் இருக்கும் அரிசியும் பருப்பும் பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை விற்றுக் கல்லூரிக்குக் கட்டிவிட்டால் நாளைக் காலை எதை விற்பது? முதலைத் தின்று படிக்க வைத்த குடும்பத்துக்கு அடுத்த பிள்ளையின் கட்டணம் எங்கிருந்து வரும்?

அந்நாட்டு விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் விடாமல் முறையிட்டார்கள். 2025 சட்டம் பழைய விலக்கைத் திரும்பக் கொடுத்துவிட்டது. குடும்பத்தார் வசித்து உழும் நிலம், நூறு முழுநேர ஆட்களுக்கு மேற்படாத குடும்பத் தொழில், குடும்பத்தார் நடத்தும் மீன்பிடித் தொழில் ஆகியவை 2026-27ஆம் ஆண்டு விண்ணப்பத்திலிருந்து சொத்துக் கணக்கில் சேரா. இரண்டு பிள்ளைகளுக்கான பங்கீட்டுச் சலுகை மட்டும் திரும்பவில்லை.

அங்குள்ள உறவினருக்குக் கடிதம் எழுதும்போதோ தொலைபேசும்போதோ இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். முந்தைய ஆண்டுப் படிவத்தைப் பார்த்து அப்படியே நிரப்பினால் கடை மதிப்பையும் சேர்த்து எழுதிவிட நேரும், அந்த இடத்தில் கவனம் தேவை. அடுத்தது, 2026-27 விண்ணப்பத்துக்கு 2024ஆம் ஆண்டின் வருமானக் கணக்கைத்தான் எடுப்பார்கள். அந்த ஆண்டு வியாபாரம் நன்றாக நடந்து, பிறகு படுத்துவிட்டால் பழைய லாபத்தை வைத்தே உதவியைக் குறைத்துவிடுவார்கள். அப்போது சும்மா இருக்கக்கூடாது. கல்லூரியின் உதவி அலுவலகத்துக்கு, அண்மைய கணக்குகளோடு ஒரு மனு கொடுக்கலாம். ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் தனியே பார்த்துத் தொகையைத் திருத்த அங்குள்ள அலுவலருக்குச் சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது. கொள்முதல் ரசீது, விற்பனைப் புத்தகம், வங்கிக் கணக்கு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே மனு கொடுக்க வேண்டும்.