மாட்டுப்பட்டியில் ஒரு மட்டக்குதிரை

தெமோதரைத் தோட்டப்புறத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டு தலைமுறையாகக் கறவை மாடு வளர்க்கும் குடும்பம். எல்லவுக்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் வரும் பயணிகள் அவருடைய வீட்டு வழியாகத்தான் நடந்து போகிறார்கள். நுவரெலியாவில் ஒருவர் மட்டக்குதிரை (உயரம் குறைந்த குதிரை இனம்) ஒன்றை விலைக்குச் சொல்கிறாராம். பிரித்தானியாவின் வெல்ஷ் இனம் என்கிறாராம். பிள்ளைகள் ஏறிப் பழகவும், பயணிகளைச் சவாரி கொண்டுபோகவும் அதை வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்கலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாடு வளர்த்த பழக்கம் குதிரைக்குப் பாதிதான் உதவும். விலங்கோடு பொறுமையாக இருக்கவும் நேரத்துக்கு எழும்பவும் உங்களுக்குத் தெரியும், அது பெரிய பலம். தீவனத்திலும் மருந்திலும் மாட்டுக்குச் செய்யும் நல்ல காரியங்கள் பல குதிரைக்குக் கெடுதியாகவே முடியும். என்னிடம் கொண்டுவரப்படும் மட்டக்குதிரைகளில் பட்டினியால் மெலிந்தவற்றைவிட அன்பால் நோயுற்றவை அதிகம்.

காரணம் மட்டக்குதிரையின் பிறப்பிலேயே இருக்கிறது. ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகள், தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸ்மூர், டார்ட்மூர் மேட்டுநிலங்கள், வேல்ஸ் மலைகள் போன்றவைதான் பிரித்தானிய மட்டக்குதிரை இனங்களின் தாய்நிலம். காற்றும் மழையும் ஓயாத, ஊட்டமில்லாத கோரைப்புல் நிலம் அது. குளிர்காலம் முழுவதும் மெலிந்து கோடையில் தேறுவதே அந்த உடம்பின் பழக்கம். கிடைக்கும் சிறிதளவையும் கொழுப்பாக்கிச் சேமித்துக்கொள்ளும். ஊவாவின் பத்தனைப் புல்வெளியில் மேய விட்டாலும் அது பிழைத்துவிடும். கறவைப் பசுவுக்கு வைக்கும் தொட்டியை அதன் முன்னால் வைத்தால்தான் ஆபத்து.

ஏறிச் செல்வதற்கு ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு விதம். ஷெட்லாந்து 42 அங்குலத்துக்கு மேல் வளராது. ஆனால் உருவத்துக்கு மீறிய பலம் அதற்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் வண்டி இழுத்த குதிரைகளில் இந்த இனமும் உண்டு. புத்திக்கூர்மை அதிகம், பிடிவாதமும் அதிகம். பெரியவர் ஏறிப் பழக்க முடியாத உயரம் என்பதால், பழக்கப்படாத ஷெட்லாந்து சிறு பிள்ளையின் கையில் தன் இஷ்டப்படி நடக்கக் கற்றுக்கொள்கிறது. டார்ட்மூர் பிள்ளைகளுக்கு இணக்கமானது, நடை மென்மையானது. வெல்ஷ் இனத்தில் நான்கு பிரிவுகள் உண்டு. முதற்பிரிவான மலை மட்டக்குதிரை 48 அங்குலம் வரை வளரும், அழகும் சுறுசுறுப்பும் கொண்டது, ஆனால் பயந்தால் சட்டென்று பாயும். நான்காவது பிரிவான கொப் வகை பெரியவர்களையே சுமக்கும். கரடுமுரடான சரிவில் கால் தவறாமல் இறங்க வேண்டுமென்றால் நான் ஹைலண்ட், ஃபெல் என்ற இரண்டு இனங்களைத்தான் சொல்வேன். ஹைலண்ட் 58 அங்குலம் வரை வளரும். ஸ்கொட்லாந்து மலைகளில் வேட்டையாடிய மானை முதுகில் ஏற்றி இறக்குவது அதன் பழைய வேலை. இரண்டாம் எலிசபெத் மகாராணி முதுமையிலும் விரும்பி ஏறியது ஃபெல் இனத்தில். 2022 செப்டம்பரில் அவருடைய இறுதி ஊர்வலம் வின்ட்சரை அடைந்தபோது வழியோரம் நிறுத்தப்பட்டிருந்த எம்மா என்ற கறுப்புக் குதிரையும் ஃபெல்தான்.

இப்போது உங்களிடம் விலை சொல்லும் குதிரைக்கு வருவோம். வெல்ஷ் இனத்துக்கு 1901இல் தொடங்கிய தனிச் சங்கமும், ஒரு வம்சப் பதிவேடும் உண்டு. பிரித்தானியாவில் பிறந்த குதிரைக்கு அடையாளப் புத்தகம் இருக்க வேண்டும். அந்தத் தாள்களைக் காட்டாதவரை அதைக் கலப்பினம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், கலப்பினத்தின் விலையையே கொடுங்கள். கலப்பு என்பது குறை அல்ல. 1875இல் பந்தயத் திடல் தொடங்கிய ஊர் நுவரெலியா. அங்கே பலவகை இரத்தமும் கலந்திருக்கும். குளிரும் மேடும் பழகிய உள்ளூர்க் கலப்பு, கப்பலில் வந்த தூய இனத்தைவிட உங்களுக்கு உதவும். குளிர்நாட்டிலிருந்து புதிதாக வரும் குதிரைகளில் சில வெப்பநாட்டில் வியர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன (வியர்வை அறுதல்). உடம்புச் சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் இளைக்கத் தொடங்கும். தெமோதரை ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரம் என்பதால் கொழும்பைவிட இந்த ஆபத்து குறைவு. ஆனால் நண்பகலில் பதுளைப் பள்ளத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் அது உங்களைத் தேடி வரும். சிலர் நெடுந்தீவுக் குதிரையைப் பற்றியும் கேட்கிறார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து அந்தத் தீவில் பெருகி வந்த காட்டுக்குதிரைகள் அவை. அவற்றைப் பிடித்துக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம்.

சவாரிக்கு விடுமுன் கணக்குப் பாருங்கள். சேணத்தோடு சேர்த்து ஏறுபவரின் எடை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. சரிவான தோட்டப்பாதையில் அதையும் குறைக்க வேண்டும். தராசு தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோகிராமில் எடை வரும். சுற்றளவு 140, நீளம் 130 என்றால் ஏறத்தாழ 214 கிலோ. அந்தக் குதிரை சுமக்கக்கூடியது 43 கிலோ. பத்து வயதுப் பிள்ளை ஏறலாம். எழுபது, எண்பது கிலோ பயணி ஏறக்கூடாது, அவர் எவ்வளவு காசு நீட்டினாலும் சரி. பயணிகளை நம்பித்தான் குதிரை வாங்குகிறீர்கள் என்றால், சிறிய மட்டக்குதிரையால் அந்த வருமானம் வராது. பிள்ளைகளை மட்டும் கயிறு பிடித்து நடத்திச் செல்லும் சவாரி ஒன்றே அதற்குப் பொருந்தும்.

இனித் தீவனம். மாட்டுக்கு அசைபோடும் வயிறு. குதிரைக்கு இரைப்பை சிறியது, நார்ச்சத்து புளித்துச் செரிப்பது பின்குடலில். அதனால்தான் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிறது. மாவுத்தீவனத்தை ஒரேயடியாகத் தின்றால் அது செரிக்காமல் பின்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. அங்கிருந்து தொடங்குவதுதான் லெமினைட்டிஸ் (குளம்புச் சுவருக்குள் எலும்பைத் தாங்கும் சவ்வு அழற்சி). உடம்பில் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரையைக் கையாளும் சக்தி குறைந்த மட்டக்குதிரைக்குத் தீவனம் சற்றுக் கூடினாலே இது வந்துவிடும். கறவைத் தீவனம், சோளம், பாண், பயணிகள் நீட்டும் வாழைப்பழம் எல்லாம் இதில் சேரும். மாட்டுப்பொங்கலன்று பசுவுக்கு ஊட்டும் சர்க்கரைப்பொங்கலில் குதிரைக்கும் ஒரு பங்கு வைத்துவிடாதீர்கள்.

அறிகுறிகள் தெளிவானவை. பிடரிக்கழுத்து கெட்டியான மேடாகத் தடித்திருப்பது முன்னெச்சரிக்கை. நோய் வந்தால் திரும்பத் தயங்கும், முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னங்காலில் பாரம் போட்டு நிற்கும், குளம்பு சுடும், குளம்புக்கு மேலே விரல் வைத்தால் நாடி துடிப்பது தெரியும். உடனே வைத்தியரை அழையுங்கள். அவர் வரும்வரை மாவுத்தீவனத்தை நிறுத்துங்கள், தடிப்பாக மரத்தூள் பரப்பிய தரையில் நிறுத்துங்கள், குளம்பைக் குளிர்ந்த நீரில் வையுங்கள். நடந்தால் சரியாகும் என்று நடத்தாதீர்கள், உள்ளே எலும்பு சரிந்துவிடும். கால் நரம்பைக் கீறி இரத்தம் விடுவதும் சூடு போடுவதும் வலியைக் கூட்டுமே தவிரக் குளம்புக்குள் நடப்பதை மாற்றாது. கொழுத்ததுதானே காரணம் என்று முழுப்பட்டினி போடுவது இன்னும் மோசம். கொழுத்த மட்டக்குதிரையை, குறிப்பாக ஷெட்லாந்தை, திடீரென்று பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு இரத்தத்தில் கரைந்து ஈரலை அடைத்துக் கொன்றுவிடும். உலர்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, நீரை வடித்து, அளவாகக் கொடுங்கள்.

அடுத்தது தவிடு. அரிசித் தவிட்டில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் குறைவு. அதோடு தோட்டத்தில் மாட்டுக்கு வெட்டும் கினிப்புல், கோ-3 புல், குளிர்ப்பக்கத்துக் கிக்குயூ புல் ஆகியவற்றில் ஒக்சலேட் (கல்சியத்தைக் கட்டிப்போடும் உப்பு) இருக்கிறது. மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. இரத்தத்தில் கல்சியம் குறையக் குறைய உடம்பு அதை எலும்பிலிருந்து உருவிக்கொள்கிறது. மாதக்கணக்கில் இப்படி நடந்தால் வருவது பெருந்தலை நோய் (முக எலும்பு பஞ்சுபோலாகி வீங்குதல்). முதலில் ஒரு நாள் ஒரு கால், மறுநாள் வேறு கால் என்று நொண்டும். பிறகுதான் முகம் இருபக்கமும் புடைக்கும். புடைத்த பின் முகம் பழையபடி ஆவது அரிது. ஆகவே நொண்டலிலேயே பிடிக்க வேண்டும். தவிட்டை நிறுத்துங்கள். ஒரே புல்லை நம்பாமல் பத்தனைப் புல்லையும் வழியோரக் கலப்புப் புல்லையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். கல்சிய மாவை வைத்தியர் சொல்லும் அளவில் சேருங்கள். கல்சியம்தானே என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால் வாயும் குடலும் வெந்துபோகும். தேயிலைக்குப் போடும் டொலமைட் மூட்டையிலிருந்து அள்ளிப்போடுவதும் வேண்டாம்.

மாட்டுப்பட்டியில் கைக்கெட்டும் தூரத்தில் இன்னும் சில ஆபத்துகள் இருக்கின்றன. பசுவுக்கு ஒடித்துப்போடும் கிளிசிரிடியா தழை குதிரைக்கு நஞ்சு. இப்பில்-இப்பில் தழையைத் தொடர்ந்து தின்றால் பிடரியும் வால்மயிரும் கொட்டும். உண்ணிச்செடி, அரளி இரண்டையும் வேலியிலிருந்து அகற்றுங்கள். கோழித்தீவன மூட்டையைக் குதிரை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சில கோழித்தீவனங்களில் கலக்கும் மொனென்சின் (கோழிக் குடல்நோய்த் தடுப்பு மருந்து) மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் குதிரையின் குடலை அசையாமல் செய்யும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள், அதற்கு வாய்வழிக் களிம்பு தனியாக உண்டு. சொறிக்குக் கழிவு எண்ணெய் பூசும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். காலையும் மாலையும் பறக்கும் நுளம்பினும் சிறிய பூச்சியின் கடியால் பிடரியும் வாலடியும் அரித்துப் புண்ணாவது இந்த இனங்களில் அதிகம். அந்த வேளைகளில் காற்றோட்டமுள்ள கொட்டகைக்குள் புகைமூட்டமில்லாமல் கட்டுவதும், மெல்லிய துணிப்போர்வை போடுவதும்தான் பலன் தரும்.

வயிற்றுவலி (கொலிக்) வந்தால் குதிரை விலாவைத் திரும்பிப் பார்க்கும், தரையைக் காலால் கீறும், படுத்துப் புரளும், சாணம் போடாது. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதால் இது எப்போதும் அவசரம். மூங்கில் குழாயில் நல்லெண்ணெயோ கசாயமோ புகட்டப் போகாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தீவனத்தை எடுத்துவிட்டு, நாடித்துடிப்பையும் கடைசியாகச் சாணம் போட்ட நேரத்தையும் குறித்துக்கொண்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஓய்வில் இருக்கும் மட்டக்குதிரைக்கு நிமிடத்துக்கு நாற்பது துடிப்பு வரை இயல்பு. அறுபதைத் தாண்டினால் அதையும் சொல்லுங்கள், வைத்தியர் எவ்வளவு விரைவாக வர வேண்டும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். எருதுக்கு லாடம் கட்டிய கை இதற்கு உதவாது. குளம்பு சீவத் தெரிந்தவர் நுவரெலியாவிலிருந்து உங்கள் வீடுவரை வருவாரா என்று குதிரையைப் பேசுமுன் கேளுங்கள். ஐப்பசி முதல் தை வரையான மழையில் தினமும் குளம்படியைச் சுரண்டிக் காய வையுங்கள். அங்கே துர்நாற்றம் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. ஏற்புவலிக்கு (டெட்டனஸ்) குதிரையைப்போல் எளிதில் இரையாகும் வளர்ப்புவிலங்கு வேறில்லை. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு தடுப்பூசியும், பிறகு வைத்தியர் சொல்லும் தவணையும் தவறக்கூடாது. தெருநாய்கள் திரியும் இடம் என்பதால் விசர்நாய்த் தடுப்பூசியும் போடுங்கள்.

பார்க்கப் போகும்போது கால்நடை வைத்தியரையும் அழைத்துச் செல்லுங்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பற்கள் முழுவதும் நிரந்தரப் பற்களாக மாறியிருந்தால் ஐந்து வயது ஆகிவிட்டது, பிள்ளைகளுக்கு அதற்கும் மேற்பட்ட, நன்றாகப் பழகிய குதிரையே ஏற்றது. கல் பாதையில் மேட்டிலிருந்து இறக்கி நடத்திப் பாருங்கள். ரயில் ஊதும் சத்தத்துக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டுப்பக்கம் அது தினமும் கேட்கப்போகும் சத்தம். மட்டக்குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் உயிர் வாழும். இன்று ஏறும் பிள்ளை படிக்கவோ வேலைக்கோ கொழும்புக்குப் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்வது யார் என்பதையும் வீட்டில் பேசி முடிவெடுங்கள். தனியாகக் கட்டினால் அது வாடும். வேறு குதிரை இல்லையென்றால் ஓர் ஆட்டையாவது பக்கத்தில் விடுங்கள்.

இவ்வளவையும் இப்போது செய்ய முடியாது என்று தோன்றினால் வாங்க வேண்டாம். பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய் கிரகரி வாவிக்கரையில் சவாரி பழக விடுங்கள். ஏற்றுமுன் சேணத்தைத் தூக்கிக் குதிரையின் முதுகைப் பாருங்கள், புண் இருந்தால் அதில் ஏற்றாதீர்கள். ஏன் ஏற்றவில்லை என்பதைக் குதிரைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்.