முதுமைப் புள்ளிகள்

நரையும் திரையும் முதுமையின் அடையாளங்கள் என்பர். முகத்திலும் புறங்கையிலும் தோன்றும் பழுப்புப் புள்ளிகளையும் அவற்றோடு சேர்த்து எண்ணுவது வழக்கம். மேல்நாட்டார் இவற்றை ‘ஈரல் புள்ளிகள்’ என்றும் அழைத்தனர். ஈரலுக்கும் இவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. முதன்மையான காரணம் வெயிலே. ஆடை மறைக்கும் இடங்களில் இவை அரிதாக இருப்பதே அதற்குச் சான்று.

தோன்றும் விதம்

மேல்தோலின் அடியடுக்கில் மெலனின் என்னும் நிறமியை ஆக்கும் உயிரணுக்கள் உள்ளன. கறுத்தவர்க்கும் சிவந்தவர்க்கும் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. நிறமியின் அளவும் வகையுமே வேறு. புறஊதாக் கதிர்கள் தாக்கும்போது இவ்வணுக்கள் மிகுதியாக நிறமியை ஆக்கித் தோலுக்குக் குடை பிடிக்கின்றன. பல்லாண்டுத் தாக்குதலால் சிலவிடங்களில் நிறமி திரண்டு நிலைத்துவிடுகிறது. அதுவே புள்ளி.

கன்னங்களில் படர்ந்து காணும் கறுப்பு பெரும்பாலும் மங்கு, அது வேறு. ஒரு புள்ளி விரைந்து பெருத்தாலும், அதன் ஓரம் ஒழுங்கற்றிருந்தாலும், குருதி கசிந்தாலும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும்.

மருத்துவமும் எச்சரிக்கையும்

முதுமைப் புள்ளியால் உடலுக்குத் தீங்கில்லை. அழகு கருதி நீக்க விரும்புவோர்க்கு வழிகள் உண்டு. −196 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவ நைட்ரஜனால் புள்ளியை உறையச் செய்வது ஒன்று. நிறமியணுக்கள் மற்ற தோலணுக்களைவிடக் குளிருக்கு எளிதில் மடிபவை. ஆதலின் நம்போன்ற கறுத்த தோலில் புள்ளி போய் வெண்தழும்பு நின்றுவிடலாம். லேசர் ஒளியும் பயன்படும். கை தேர்ந்தவர் செய்யாவிடில் முன்னிலும் கறுத்துவிடும்.

களிம்புகளே நாம் அஞ்ச வேண்டியவை. 1975-இல் கிளிக்மன், வில்லிஸ் என்னும் இரு மருத்துவர்கள் ஹைட்ரோக்குவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்த ஒரு மருந்தை வெளியிட்டனர். முதலாவது நிறமி உண்டாவதைத் தடுக்கும். இரண்டாவது தோலணுக்களை விரைந்து புதுப்பிக்கும். மூன்றாவது எரிச்சலைத் தணிக்கும். மருத்துவர் மேற்பார்வையில் சிலகாலம் பூசத்தக்க இவ்வகைக் கலவையை நம் நாட்டில் பலர் முகத்தை வெளுக்கும் பூச்சாகவே பயன்படுத்துகின்றனர். மாதக்கணக்கில் பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும், முகம் சிவக்கும், பரு மலியும், நிறுத்தினால் எரியும். ஹைட்ரோக்குவினோனை நெடுங்காலம் பூசினால் நீலக்கருமை படிவதும் உண்டு. 2018-இல் மைய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுமருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என ஆணையிட்டது. எனினும் சீட்டின்றிக் கேட்டு வாங்கும் வழக்கம் ஒழியவில்லை. விடுதியில் அறை நண்பர் பூசுவதை நாமும் பூசுகிறோம். விடுமுறைக்குப் போகையில் அம்மாவுக்கும் ஒரு குழாய் வாங்கிச் செல்கிறோம்.

வருமுன் காப்பதே நன்று. நண்பகல் வெயிலைத் தவிர்த்தல், முழுக்கைச் சட்டை, தொப்பி, வெயில்காப்புப் பூச்சு ஆகியவை இருபது வயதிலேயே தொடங்க வேண்டிய பழக்கங்கள். ஊருக்குப் போகும் நண்பர்கள் அம்மாவுக்குக் களிம்பை விடுத்து நல்ல குடையொன்றை வாங்கிச் செல்வார்களாக!