தனிப்பணிக் கருவிகளும் புதிய இயங்குதளமும்

கிராமங்களில் இன்று ஒரே வேலைக்கென்று அமைந்த மின்னணுக் கருவிகள் பல பயன்பட்டு வருகின்றன. நியாய விலைக் கடையில் குடும்ப அட்டையைப் பதியும் கருவி, உரக்கடையில் விரல் ரேகை பெறும் கருவி, வங்கியின் தானியங்கிப் பணப்பொறி, ஊராட்சிக் கணக்குக்கென ஒதுக்கிய கணிப்பொறி ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை வாங்குவதில் காட்டும் அக்கறை, இவற்றை நடத்தும் இயங்குதளத்தைக் காலத்தில் மாற்றுவதில் காட்டப்படுவதில்லை. அம்மாற்றம் ஏன் தேவை, எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

இயங்குதளம் என்பது யாது?

கருவியின் உறுப்புகளையும், நம் வேலைக்குரிய செயலியையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ், ஆண்ட்ராய்டு என்பன அவ்வாறானவை. அதில் குறை காணப்படும்போதெல்லாம், அதை ஆக்கிய நிறுவனம் திருத்தங்களை அனுப்பி வருகிறது. குறித்த நாளுக்குப் பின் அவை நின்றுவிடும். ஆனால் கருவி அன்றே நின்றுவிடாது, முன்போலவே ஓடும். பலரும் ஏமாந்து போவது இங்கேதான். மராமத்து நின்றுபோன ஏரியை எண்ணிப் பாருங்கள். கரையும் நிற்கிறது, நீரும் நிற்கிறது. நண்டு வளையை அடைப்பார் மட்டும் இல்லை. பெருமழை நாளில்தான் குறை வெளிப்படும்.

2017 தந்த பாடம்

2017 மே 12-ஆம் நாள் 'வான்னாக்ரை' என்னும் தீய மென்பொருள் பரவத் தொடங்கியது. 150-க்கு மேற்பட்ட நாடுகளில் அது கணிப்பொறிக் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகளும் இதற்கு ஆளாயின. அது நுழைந்த வழியை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சு மாதமே வெளிவந்திருந்தது. 2014 ஏப்ரல் 8-இல் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி-க்கோ, தாக்குதல் நடந்த பின்னரே அது பொதுவில் வழங்கப்பட்டது. நம் அலுவலகம் சிறியது, இதை யார் நாடுவர் என்று வாளாவிருத்தல் தகாது என்பதற்கு இது சான்றாகும்.

படிப்படியான மாற்றம்

ஆதரவு முடிந்த இயங்குதளங்களில் பணப்பொறிகள் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்ட இந்திய ரிசர்வ் வங்கி, 2018 ஜூன் 21-இல் வங்கிகளுக்குக் கால அட்டவணை ஒன்று விதித்தது. செப்டம்பர் 2018-க்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் பாதி, மார்ச்சு 2019-க்குள் முக்கால் பங்கு, ஜூன் 2019-க்குள் முழுவதும் மாற்றப்படல் வேண்டும் என்பது கட்டளை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், ஏதேனும் பிழை நேர்ந்தபோது எல்லாம் ஒருங்கே முடங்கும். பகுதி பகுதியாக மாற்றினால் முதற்பகுதியின் குறை அடுத்த பகுதிக்குப் படிப்பினையாகும்.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, பதிப்பை அறிதல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தன. ஆயினும் தனிப்பணிக் கருவிகளுக்கென வெளிவந்த 2021-ஆம் ஆண்டு 'ஐஓடி' நீண்டகாலப் பதிப்புக்கு 2032 ஜனவரி 13 வரை ஆதரவு உண்டு. பெயர் ஒன்றாயினும் நாள் வேறு. ஆகவே பதிப்பின் முழுப்பெயரையும் எழுதி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, கருவி தாங்குமா என்று பார்த்தல். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. நினைவகம் வேண்டும், அதோடு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டும். பழைய கணிப்பொறிகள் பலவற்றில் இது இராது.

மூன்றாவது, இணைந்த உறுப்புகளைச் சோதித்தல். விரல் ரேகைக் கருவி, ரசீது அச்சுப்பொறி, எடைத் தராசு ஒவ்வொன்றையும் இயக்கத் தனித்தனித் துணை மென்பொருள் தேவை. ஊராட்சிப் பணத்தை விடுவிக்கும் டிஜிட்டல் கையொப்பச் சாவிக்கும் இது பொருந்தும். புதிய இயங்குதளத்தில் அச்சாவி ஏற்கப்படாவிடில் பணப் பட்டுவாடா நின்றுவிடும். ஆதலால் ஒரு கருவியை மட்டும் முதலில் மாற்றி, பதிவு முதல் ரசீது வரை எல்லா வேலையையும் செய்து பார்த்தல் நலம்.

நான்காவது, கோப்புகளைப் படியெடுத்தல். அப்படியைத் தனி வட்டில் வைத்து, திறந்தும் பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படி, முளைப்புச் சோதனை செய்யாத விதைக்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, காலம் அறிதல். மேலுரம் இடும் பருவத்தில் உரக்கடைக் கருவி முடங்கினால், விவசாயி யூரியா இன்றித் திரும்ப நேரிடும். பயிர் அவருக்காகக் காத்திராது. பொருள் வழங்கும் நாட்களில் நியாய விலைக் கடைக்கும் இதே நிலைதான். அக்கருவிகளை மாற்றுவது ஊராட்சியின் பொறுப்பன்று. எனினும் மாற்றும் நாளை முன்னரே கேட்டறிந்து ஊரில் அறிவிப்பதும், நெருக்கடி நாளாயின் தள்ளிவைக்குமாறு உரிய துறையை வேண்டுவதும் உறுப்பினர் செய்யத்தக்க தொண்டாகும்.

அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். நம் கணிப்பொறியில் உள்ள பதிப்பு எது? அதற்குத் திருத்தம் எந்நாள் வரை வரும்? கணக்கின் படி எங்கே இருக்கிறது? விடை தெரிந்த ஊராட்சி மாற்றத்தைத் தன் வசதிப்படி நடத்தும். தெரியாத ஊராட்சிக்கோ, கருவி நின்றுபோகும் நாளே மாற்றும் நாளாக அமைந்துவிடும்.