வீட்டில் சர்வர் வைக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

கூகுள் ரீடர் என்ற சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. கூகுள் போட்டோஸில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம் என்ற சலுகை 2021 ஜூன் 1 முதல் இல்லை. அடுத்தவர் கம்ப்யூட்டரில் இருப்பது அடுத்தவர் இஷ்டப்படிதான் இருக்கும் என்று புரிந்துகொண்டு, சொந்தமாக ஒரு சர்வர் போடலாமா என்று கேட்டு வரும் இளையவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல ஆசை, கட்டாயம் செய்யுங்கள். இறங்குவதற்கு முன் இவற்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள். யாரோ போட்ட பட்டியலைப் பார்த்துப் பத்து மென்பொருளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நிறுவ வேண்டாம். வீட்டில் நிஜமாகவே தொல்லை தருகிற ஒன்றை எடுங்கள். பல வீடுகளில் அது போட்டோதான். கூகுள் தரும் இலவச 15 ஜிபி நிறைந்துவிட்டது என்று அம்மாவின் போன் நச்சரித்துக்கொண்டே இருக்கும். அதற்கு இம்மிச் என்ற போட்டோ மென்பொருள் போதும். சில மாதம் அது சிக்கலில்லாமல் ஓடட்டும், பிறகு ஃபைல்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், வீடியோக்களுக்கு ஜெல்லிஃபின் பற்றி யோசிக்கலாம்.

2. மெஷினுக்குப் பெரிய செலவு வேண்டாம். அலமாரியில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் டெபியன் போட்டால் ஒரு குடும்பத்துக்குத் தாங்கும். எந்நேரமும் சார்ஜரிலேயே இருக்கும் பேட்டரி உப்பக்கூடும், அவ்வப்போது தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள். கரண்ட் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10 வாட் இழுக்கிற சின்ன மெஷின் இரண்டு மாத பில்லில் சுமார் 14 யூனிட்தான் சேர்க்கும். 60 வாட் இழுக்கிற பழைய டெஸ்க்டாப் 86 யூனிட் சேர்க்கும். ராஸ்பெர்ரி பை வாங்கினால் டேட்டாபேஸை மெமரி கார்டில் வைக்காதீர்கள். ஓயாமல் எழுதி எழுதிக் கார்டு செத்துப்போகும், ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்கள்.

3. பேக்கப்பை முதல் நாளே செய்யுங்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் மற்றதெல்லாம் எழுதுகிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பழைய விதி இன்றைக்கும் சரிதான். ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும்படி இரண்டு டிஸ்க்கை ரெய்டில் இணைத்துவிட்டால் பேக்கப் ஆயிற்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஒரு டிஸ்க் பழுதானால் ரெய்டு காப்பாற்றும். நீங்கள் கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அது ஒரே நொடியில் போய்விடும்.

படங்கள் இருக்கிற ஃபோல்டரை மட்டும் பிரதி எடுத்தாலும் பாதி வேலைதான். எந்த முகம் யாருடையது, எது எந்த ஆல்பம் என்ற விவரமெல்லாம் இம்மிச்சில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஃபைல்களைக் காப்பி செய்தால் அரைகுறையாக வந்து சேரலாம். முறையாக டம்ப் எடுத்து, அதையும் படங்களோடு வையுங்கள். வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து கொடுத்து வைத்து, ஊருக்குப் போகும்போதெல்லாம் மாற்றி எடுத்து வரலாம்.

எடுத்த பேக்கப் உண்மையில் மீள்கிறதா என்று பாருங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் இம்மிச்சை வெறுமையாக நிறுவி, டம்ப்பை ஏற்றி, படங்களைச் சேர்த்து, போன பொங்கல் ஆல்பத்தைத் திறங்கள். பாட்டி முகத்தைத் தொட்டால் பாட்டி படங்கள் வரிசையாக வர வேண்டும். வராவிட்டால் உங்களிடம் பேக்கப் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள்.

4. சர்வருக்கு நேராக ரவுட்டரில் போர்ட் திறக்காதீர்கள். வெளியிலிருந்து படம் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் பலர் இதைச் செய்கிறார்கள். 2021 ஜூனில் உலகம் முழுக்கப் பலர் வீட்டு நெட்வொர்க்கில் மாட்டியிருந்த மை புக் லைவ் டிஸ்க்குகளை யாரோ இணையம் வழியாகவே துடைத்துவிட்டார்கள். தயாரித்த கம்பெனி அவற்றுக்கு அப்டேட் தருவதை நிறுத்திப் பல வருடமாகியிருந்தது. வீட்டுக்குள் இருக்கும் சர்வரை எட்ட, ஒரே ஒரு போர்ட்டை மட்டும் கேட்கும் வயர்கார்டு என்ற விபிஎன் போதும். 2020-லிருந்து அது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், உங்கள் இணைப்புக்கென்று தனியாகப் பொது முகவரி கிடையாது, ஒன்றையே பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அப்போது வெறும் வயர்கார்டு வெளியிலிருந்து வந்து சேராது. டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றைப் போடுங்கள். அதில் இன்னொரு கம்பெனியின் துணை வேண்டியிருக்கிறதே என்று சங்கடப்பட வேண்டாம். போர்ட்டைத் திறந்து போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

5. ஈமெயில் சர்வர் வேண்டாம். நிறுவுவது பெரிய வித்தையில்லை. ஆனால் வீட்டு இணைப்பிலிருந்து போகும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் ஸ்பாமில் தள்ளும், அல்லது வாங்கவே வாங்காது. பேங்க் ஓடிபி வந்து சேரும் முகவரியில் சோதனை எதற்கு? சொந்த டொமைன் வாங்கி, காசு கொடுத்து நல்ல சேவை ஒன்றில் வையுங்கள். நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் முகவரி மாறாமல் வேறு இடம் போகலாம்.

6. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டும் செய்யாதீர்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். நெக்ஸ்ட்கிளவுடில் பெரிய பதிப்புகளை ஒவ்வொன்றாகத்தான் ஏற முடியும், தாண்ட முடியாது. மூன்று வருடம் தொடாமல் விட்டால் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும்.

7. நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார்கள்? ஒரு நோட்டில் தமிழில், கையால் எழுதி வையுங்கள். எந்தப் பெட்டி, எந்த ஸ்விட்ச், பேக்கப் டிஸ்க் எங்கே, அதன் பாஸ்வேர்டு என்ன, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அந்த நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அப்பாவையோ மனைவியையோ ஒரு முறை சர்வரை நிறுத்தி மறுபடி போடச் சொல்லுங்கள், நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்களோ அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள். பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள் உங்கள் ஒருவர் தலைக்குள் இருக்கும் பாஸ்வேர்டை நம்பி இருக்கக் கூடாது.

8. பழைய இடத்தை உடனே காலி செய்யாதீர்கள். கூகுளில் இருக்கும் படங்களை டேக்அவுட் மூலம் இறக்குங்கள். பல ஜிப் ஃபைல்களாக வரும். எல்லாம் இறங்கியதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தேதி போன்ற விவரங்கள் பக்கத்திலேயே தனி ஃபைல்களாக இருக்கும், குப்பை என்று நினைத்து அவற்றை அழித்துவிடாதீர்கள். மூன்றாவதில் சொன்ன சோதனை இரண்டு முறையாவது தேறும் வரை கூகுளுக்கு மாதக் கட்டணம் கட்டுகிறீர்கள் என்றால் அதைக் கட்டிக்கொண்டே இருங்கள்.